உரிமையைத் தந்து பெயரை மறுத்தார்கள்!

ஓர் அரசு தன் குடிமக்களிற் சிலரை நோக்கி, "மற்றையோர்க்குள்ள உரிமைகள் யாவும் உங்களுக்கும் உண்டு, ஆனால், அவ்வுரிமைகளை அவர்கள் எப்பெயரால் அழைக்கின்றார்களோ அப்பெயரால் நீங்கள் அழைத்தல் ஆகாது" என்று கூறுமாயின், அதனை நீதி என்பதா, அநீதி என்பதா? ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கில், கனடாவின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் வெர்மொண்ட் என்னும் சின்னஞ்சிறு மாநிலம் இவ்வினாவுக்கு இருமுறை விடை கூறியிருக்கின்றது. 2000ஆம் ஆண்டில் ஒரு விடை. 2009ஆம் ஆண்டில் அதற்கு மாறான வேறொரு விடை. இவ்விரு விடைகட்கும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளின் வரலாறு, சிறுபான்மையோர் உரிமை பற்றிச் சிந்திக்கும் எவரும் அறிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் துணைவராய் வாழ்வதைப் பற்றிப் பேசவே நம்மவருட் பலர் கூசுவர். கூசுவது அவரவர் மனநிலை. ஆனால் கூச்சம் சட்டத்தின் அளவுகோல் அன்று. இருபது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, ஒரே அடுப்பில் உண்டு, ஒருவர் நோயில் மற்றவர் கண்விழித்திருந்த இருவரில் ஒருவர் மரண சாசனம் எழுதாது இறந்துவிட்டால், அவருடைய ஆதனம் யாருக்குச் சேரும்? ஆசுபத்திரியில் அறிவிழந்து கிடப்பவருக்குச் சத்திர சிகிச்சை செய்ய யார் சம்மதம் அளிப்பது? ஒருவர் பெற்று இருவரும் வளர்த்த பிள்ளைக்கு மற்றவர் யார்? தாயா, அயலவரா? விவாகம் செய்தோர்க்கு இவ்வினாக்கள் எழுவதேயில்லை. சட்டம் கேளாமலே விடை தந்துவிடுகின்றது. விவாகம் மறுக்கப்பட்டோரோ ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுதி, ஓர் அற்றோணித் தத்துவம், ஒரு மரண சாசனம் என்று நியாயவாதியின் வாசலில் காத்திருக்க வேண்டும். இத்தனை பத்திரங்களை எழுதி வைத்தாலும், இறந்தவரின் உறவினர் வழக்காட வந்தால் அவற்றிற் பாதி நிலைக்குமோ நிலைக்காதோ, யாமறியோம். இதனைத் தொழிலில் கண்டவர் எவரும் மறுக்கமாட்டார்.

வெர்மொண்டில் மூன்று சோடியினர் ஊர்ச் சபை அலுவலகங்களில் விவாக அனுமதிப்பத்திரம் கேட்டனர், மறுக்கப்பட்டது. 1997 யூலையில் வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றம் அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே வழக்கைத் தள்ளிவிட்டது. மேன்முறையீடு மாநில உயர் நீதிமன்றத்தை அடைந்தது. பேக்கர் எதிர் வெர்மொண்ட் மாநிலம் என்று இன்று சட்டக் கல்லூரிகளிற் படிக்கப்படும் அவ்வழக்கின் தீர்ப்பு 1999 டிசெம்பர் 20ஆம் நாள் வெளியாயிற்று.

அத்தீர்ப்பின் அடித்தளம் யாதென்று பார்ப்பது அவசியம். ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி அரசியலமைப்பை வழக்காளிகள் நாடவில்லை. தம் மாநிலத்தின் சொந்த அரசியலமைப்பையே நாடினர். அது 1777இல் எழுதப்பட்டது. வெர்மொண்ட் சமஷ்டியிற் சேர்ந்ததோ 1791இல். வயது வந்தோரை அடிமையாக வைத்திருத்தலை எழுத்திலே தடைசெய்த பழைய சாசனம் அது. அதன் முதல் அத்தியாயத்தின் ஏழாம் பிரிவு, அரசு என்பது மக்கள் யாவருடைய பொது நன்மைக்காகவும் பாதுகாப்புக்காகவும் அமைந்ததே அன்றி, ஒரு தனி மனிதரின், ஒரு குடும்பத்தின், ஒரு கூட்டத்தின் தனி ஆதாயத்துக்காக அமைந்ததன்று எனக் கூறுகின்றது. பிறப்பால் உயர்வு கொண்டாடியோருக்கு எதிராகப் பதினெட்டாம் நூற்றாண்டுக் குடியானவர்கள் எழுதிய வாசகம், இருநூறு ஆண்டுகளின் பின் அவர்கள் கனவிலும் கருதாத மக்கட்கு அரணாயிற்று. சமஷ்டியின் உறுப்பாகிய ஒரு மாநிலம் தனக்கெனச் சொந்த அரசியலமைப்பைக் கொண்டிருப்பதன் பயன் இதுவேயாம்: நடுவண் அரசு தரத் தயங்கும் நீதியை மாநிலம் தன் கையால் தரலாம்.

மாநிலத்தின் சார்பில் வாதிட்டோர், விவாகம் மக்கட்பேற்றுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் உரியது என்றனர். பிரதம நீதியரசர் ஜெஃப்ரி அமெஸ்டோய் எழுதிய தீர்ப்பு அவ்வாதத்தை உள்ளிருந்தே உடைத்தது. பிள்ளைப்பேறு கருதாத ஆணும் பெண்ணும் விவாகம் செய்வதைச் சட்டம் தடுக்கின்றதா? இல்லை. ஒரே பாலினத் துணைவர் பிள்ளைகளை வளர்ப்பதைச் சட்டம் தடுக்கின்றதா? அதுவும் இல்லை. துணைவரின் பிள்ளையை மற்றவர் மகவேற்புச் செய்யலாம் என்று 1993இலேயே அதே நீதிமன்றம் தீர்த்திருந்தது. சட்டசபையும் பின்னர் அதனைச் சட்டமாக்கியிருந்தது. பிள்ளைகளின் நலமே நோக்கமாயின், அப்பிள்ளைகளின் பெற்றோரைப் பாதுகாப்பின்றி விடுவது எங்ஙனம் அந்நோக்கத்தை நிறைவேற்றும்? இக்கேள்விக்கு மாநிலத்திடம் விடையில்லை.

விவாகத்தால் வரும் நன்மைகளையும் பாதுகாப்பையும் மறுப்பது அரசியலமைப்புக்கு மாறானது என்பதில் ஐந்து நீதியரசர்களும் உடன்பட்டனர். பரிகாரத்திலேதான் பிளவு. பெரும்பான்மை நீதியரசர்கள், விவாக அனுமதிப்பத்திரம் வழங்குமாறு கட்டளையிடாது, சட்டசபையே ஒரு வழி காணட்டும் என்று விட்டனர். விவாகத்தில் இவர்களையும் சேர்க்கலாம், அல்லது அதற்கு நிகரான வேறோர் ஏற்பாடு செய்யலாம். நீதியரசர் டெனிஸ் ஜோன்சன் இதற்கு இணங்கவில்லை. உரிமை உண்டு என்று தீர்த்த பின்னர், அவ்வுரிமையைப் பெற அரசியல் அரங்குக்குப் போங்கள் என்று வழக்காளிகளை அனுப்புவது நீதிமன்றத்தின் கடமையைக் கைவிடுவதாகும் என்பது அவர் கருத்து. சட்டம் பயின்றோர் பலர் அவர் பக்கமே நிற்பர். ஆயினும், பின்னர் நடந்தவற்றை நோக்குமிடத்து, பெரும்பான்மையோர் செய்ததும் முற்றிலும் வீணாகவில்லை என்றே கூறவேண்டியிருக்கின்றது.

2000 சனவரியில் சட்டசபை கூடியது. பிரதிநிதிகள் சபையில் 150 பேர். செனற் சபையில் 30 பேர். எல்லோரும் ஈராண்டுக்கொருமுறை தேர்தலைச் சந்திப்போர். அவ்வாண்டு நவம்பரிலேயே மீண்டும் வாக்குக் கேட்க வேண்டியவர்கள். பெரும்பாலோர் முழுநேர அரசியல்வாதிகளும் அல்லர். தத்தம் தொழிலைக் கவனித்துக்கொண்டு சில மாதங்கள் சட்டசபைக்கு வந்து போகும் சாதாரண மனிதர். பொருள் சட்டசபையின் நீதிக் குழுவிடம் சென்றது. குழுத் தலைவர் தோமஸ் லிற்றில், குடியரசுக் கட்சியினர். உபதலைவர் வில்லியம் லிப்பேர்ட், சனநாயகக் கட்சியினர். தாம் ஒரே பாலினத்தாரை நேசிப்பவர் என்பதை வெளிப்படையாக அறிவித்திருந்த ஒரே சட்டசபை உறுப்பினர். தலைநகராகிய மொன்ற்பீலியரில் நடந்த பொது விசாரணைகளுக்குப் பனிக்காலத்தையும் பொருட்படுத்தாது மக்கள் திரள் திரளாக வந்தனர். இரு பக்கத்தாரும் மாறி மாறிப் பேசினர். மார்ச்சு மாதத்து ஊர்க் கூட்டங்களிற் பலவற்றில் எதிர்ப்பே மேலோங்கிற்று.

விவாகம் என்ற சொல்லுக்கு வாக்குகள் கிட்டா என்று குழு கண்டது. ஆகவே, "குடியியல் இணைவு" என்றொரு புதிய பெயரைப் படைத்தனர். மாநிலச் சட்டத்தின்கீழ் கணவன் மனைவிக்கு உள்ள எல்லா நன்மைகளும், பாதுகாப்பும், பொறுப்புகளும் இவ்விணைவில் உள்ளோர்க்கும் உண்டு: முதுசொம், தாபரிப்பு, காப்புறுதி, ஆசுபத்திரியில் சம்மதம் அளிக்கும் உரிமை, பிள்ளைகள் மீதான உரிமை, நீதிமன்றத்தில் துணைவருக்கு எதிராகச் சாட்சி சொல்லாதிருக்கும் சலுகை, யாவும். ஆனால் அதே சட்டம், விவாகம் என்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்வதே எனவும் தெளிவாக எழுதிவைத்தது. பிரதிநிதிகள் சபையில் மார்ச்சு 16இல் 76க்கு 69. செனற் சபையில் ஏப்பிரல் 19இல் 19க்கு 11. மீண்டும் பிரதிநிதிகள் சபையில் 79க்கு 68. ஏப்பிரல் 26ஆம் நாள் ஆளுநர் ஹவார்ட் டீன் கையொப்பமிட்டார். விழாவுமில்லை, பத்திரிகை நிருபருமில்லை. மூடிய அறைக்குள் கையொப்பமிட்டார். நல்ல காரியத்தைச் செய்த கையை ஏன் மறைக்க வேண்டும் என்று அன்றே கேட்டோரும் உண்டு. யூலை 1ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய சட்டம் இதுவே முதலாவது.

இதற்கு விலையும் கொடுக்கப்பட்டது. "வெர்மொண்டை மீட்போம்" என்ற பலகைகள் கொட்டில்களின் சுவர்களிலும் வீதியோரங்களிலும் முளைத்தன. கட்சியை மீறி ஆதரவாக வாக்களித்த குடியரசுக் கட்சியினருட் சிலர், மாரியன் மில்ன் அம்மையார் போன்றோர், செப்டெம்பர் மாத உட்கட்சித் தேர்தலிலேயே ஆசனத்தை இழந்தனர். நவம்பரில் மேலும் பலர் வீழ்ந்தனர். பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியின் கைக்கு மாறிற்று. ஆளுநர் டீன் பாதிக்குச் சற்றே மேற்பட்ட வாக்குகளால் தப்பினார். தாம் தோற்போம் என்று அறிந்தே அவ்வுறுப்பினர்களிற் சிலர் கையுயர்த்தினர். தொகுதி மக்களின் சினத்தைக் காட்டித் தம் கோழைத்தனத்துக்குச் சனநாயகம் என்று பெயர் சூட்டும் பிரதிநிதிகளை எந்நாட்டிலும் காணலாம், மற்றவகையினர் அரியர்.

ஆயினும் சட்டம் நீக்கப்படவில்லை. செனற் சபை இடங்கொடுக்கவில்லை. அரசியலமைப்பைத் திருத்தித் தீர்ப்பையே அழித்துவிடலாமே எனின், வெர்மொண்டில் அது எளிதன்று. நான்கு ஆண்டுகளுக்கொருமுறையே திருத்தத்தைப் பிரேரிக்கலாம். செனற் சபையில் மூன்றில் இரு பங்கினர் இணங்கவேண்டும். பிரதிநிதிகள் சபையும் ஏற்கவேண்டும். அடுத்த தேர்தலின் பின் வரும் சட்டசபை மீண்டும் நிறைவேற்றவேண்டும். அதன் பின்னரே மக்கள் வாக்கு. ஹவாயில் 1998இலும் கலிபோர்னியாவில் 2008இலும் ஒரே நாள் வாக்கெடுப்பில் சிறுபான்மையோர் எதிர்பார்த்த உரிமையும் பெற்ற உரிமையும் பறிபோயின. வெர்மொண்டிலோ சினம் ஆறுவதற்கு அரசியலமைப்பே காலம் வைத்திருந்தது. பெரும்பான்மையின் கோபம் ஒரே இரவில் சட்டமாகாதபடி தடுக்கும் ஏற்பாடுகளைச் "சம்பிரதாயம்" என்று இகழ்வோர் இதனை ஊன்றி நோக்குவாராக.

இனி, அச்சட்டத்தின் குறைக்கு வருவோம். உரிமைகள் யாவும் ஒன்றே எனின், பெயர் எதற்கு வேறு? "பெயரில் என்ன இருக்கின்றது?" என்று கேட்டோர் பலர். நன்று, பெயரில் ஒன்றுமே இல்லையாயின், அதனைக் கொடுத்துவிடுவதில் என்ன தடை? மறுத்தோர்க்குத் தெரியும், பெயரில் பொருள் உண்டென்று. 1929, 1930ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் நிலத்தில் இருந்தனர். மற்றைப் பிள்ளைகள் வாங்கில் இருந்தனர். பாடம் ஒன்றே, ஆசிரியர் ஒருவரே. "படிப்பிக்கிறோம் அல்லவா, இருக்கையில் என்ன இருக்கின்றது?" என்றுதான் அன்றும் கேட்டார்கள். சம ஆசனம் வந்தபோது எழுந்த எதிர்ப்பே, இருக்கையில் என்ன இருந்தது என்பதற்கு விடை. அமெரிக்காவிலும் "தனித்தனி, ஆனால் சமம்" என்ற கோட்பாடு 1896இல் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் ஒப்புதல் பெற்று, 1954இல் பாடசாலை வழக்கில் அதே நீதிமன்றத்தாலேயே தள்ளப்பட்டது.

மானம் பற்றிய வாதம் போதாதெனின், கைப்பொருள் பற்றிய வாதமும் உண்டு. வெர்மொண்டின் சட்டம் வெர்மொண்டின் எல்லையோடு நின்றது. விவாகம் என்ற சொல்லை உலகம் அறியும். "குடியியல் இணைவு" என்ற சொல்லை அடுத்த மாநிலத்து நீதிபதிகூட அறியார். வெளியூரார் ஒரு நாள் வந்து இணைவைப் பதிந்துகொண்டு ஊர் திரும்ப முடிந்தது. ஆனால் அதனை முறிப்பதற்கோ அன்று வெர்மொண்டில் வதிவிடம் வேண்டியிருந்தது. கட்டிய முடிச்சை அவிழ்க்க ஓராண்டு குடியிருக்கவேண்டியிருந்த விந்தை! 2002இல் கனெற்றிக்கற் மாநிலத்து மேன்முறையீட்டு நீதிமன்றம், இவ்விணைவை முறிக்கத் தமக்கு நியாயாதிக்கம் இல்லை என்றது. அவ்வாண்டே ஜோர்ஜியா மாநிலத்து நீதிமன்றம், இவ்விணைவு விவாகம் ஆகாது என்று கூறி ஒரு தாய்க்குத் தன் பிள்ளைகளைக் காணும் விடயத்தில் எதிராகத் தீர்த்தது.

இன்னொரு வழக்கோ நெஞ்சை உருக்குவது. 2000இல் வெர்மொண்டில் இணைவு பதிந்த இரு பெண்கட்கு 2002இல் ஒரு பெண்குழந்தை பிறந்தது. ஈன்றவர் ஒருவர், இருவரும் பெற்றோர். அடுத்த ஆண்டு பிரிந்தனர். ஈன்றவர் குழந்தையுடன் வேர்ஜீனியா மாநிலஞ் சென்று, இத்தகைய இணைவுகளை ஏற்காத அம்மாநிலத்துச் சட்டத்தின் நிழலில் தாமே ஒரே தாய் என்று ஒரு தீர்ப்பைப் பெற்றார். வெர்மொண்ட் நீதிமன்றம் இருவரும் தாய்மாரே என்றது. இரு மாநிலங்களின் இரு தீர்ப்புகள், நடுவே ஒரு குழந்தை. 2006இல் வேர்ஜீனியாவின் மேன்முறையீட்டு நீதிமன்றமே வெர்மொண்டின் கட்டளைக்கு இணங்கவேண்டும் என்று தீர்த்தும் பயனில்லை. 2009இல் ஈன்றவர் குழந்தையுடன் நாட்டைவிட்டே மறைந்து நிகராகுவா சென்றார். மற்றத் தாய் அக்குழந்தை வளர்வதைக் காணவில்லை. இக்கொடுமை முழுவதையும் ஒரு சொல்லின் மீது சுமத்துதல் நியாயமன்று. ஆனால் சொல் ஒன்றாயிருந்திருப்பின், சட்டத்தில் அத்தனை பொந்துகள் இருந்திரா.

2007இல் சட்டசபைத் தலைவர்கள் ஓர் ஆணைக்குழுவை நியமித்தனர். முன்னர் நீதிக் குழுவுக்குத் தலைமை வகித்த லிற்றில் அவர்களே இதற்கும் தலைவர். ஊரூராகச் சென்று விசாரித்து 2008இல் அறிக்கை தந்தது. 2009 வசந்தத்தில் விவாகத்தையே வழங்கும் மசோதா வந்தது. ஆளுநராயிருந்த குடியரசுக் கட்சியினர் ஜிம் டக்ளஸ், குடியியல் இணைவே போதும் எனக் கூறி ஏப்பிரல் 6ஆம் நாள் மசோதாவை நிராகரித்தார். மறுநாளே செனற் சபை 23க்கு 5 என்ற வாக்குகளால் அந்நிராகரிப்பை மீறிற்று. பிரதிநிதிகள் சபையில் 100க்கு 49. மூன்றில் இரு பங்குக்கு வேண்டியது சரியாக நூறு வாக்குகள். ஒன்று குறைந்திருப்பினும் மசோதா செத்திருக்கும். முதல் வாக்கெடுப்பில் எதிர்த்த சிலரும் இரண்டாம் வாக்கெடுப்பிற் சேர்ந்தே நூறு நிறைந்தது. நீதிமன்றக் கட்டளையின்றி, சட்டசபையின் வாக்கினாலேயே ஒரே பாலினத்தாரின் விவாகத்தை ஏற்ற முதல் அமெரிக்க மாநிலம் என்ற பெருமை வெர்மொண்டுக்கு உரியதாயிற்று. மதகுருமாரை அவர்தம் நம்பிக்கைக்கு மாறான விவாகத்தை நடத்துமாறு எவரும் கட்டாயப்படுத்த முடியாது என்பதும் அச்சட்டத்திலேயே எழுதப்பட்டது. சமயத்தைக் காட்டி அச்சமூட்டியோர் வாய்க்கு அதுவே பூட்டு.

டக்ளஸ் கூறியவாறு குடியியல் இணைவே போதுமாயிருந்ததா? நான்கு ஆண்டுகளில் விடை வந்தது. சமஷ்டி அரசின் நோக்கில் விவாகம் என்பது ஆண் பெண் விவாகமே என்று விதித்த 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் அப்பகுதியை, 2013 யூன் 26இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் செல்லாததாக்கிற்று. வருமான வரி, இறந்தவர் ஆதன வரி, குடிவரவு என்று சமஷ்டி அரசின் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. யாருக்கு? விவாகம் செய்தோர்க்கு. குடியியல் இணைவு விவாகம் ஆகாது என்று வரித் திணைக்களம் அவ்வாண்டே எழுத்தில் அறிவித்துவிட்டது. பெயர் பெற்றோர் உள்ளே, பெயரற்றோர் வெளியே. 2009இல் அந்த நூறாவது வாக்கு விழாதிருந்திருப்பின், வெர்மொண்டுத் துணைவர்கள் அன்று வாசலிலேயே நின்றிருப்பர்.

2015 யூனில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் எல்லா மாநிலங்களிலும் இவ்விவாகம் செல்லும் என்று தீர்த்தது. அத்தோடு மாநிலச் சட்டம் வேண்டாததாயிற்று என்று எண்ணலாகாது. 2022இல் கருச்சிதைவு உரிமை பற்றிய ஐம்பதாண்டுத் தீர்ப்பை அதே நீதிமன்றம் கவிழ்த்தபோது, நீதியரசர் கிளரன்ஸ் தோமஸ் விவாகத் தீர்ப்பையும் மீளாய்வு செய்யவேண்டும் என்று தனித்து எழுதினார். அவ்வாண்டு டிசெம்பரில் சமஷ்டிச் சட்டசபை ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்றிற்று. அதன்படி, ஒரு மாநிலத்தில் முறையாக நடந்த விவாகத்தை மற்ற மாநிலங்களும் சமஷ்டி அரசும் ஏற்கவேண்டும். ஆனால் அனுமதிப்பத்திரம் வழங்குமாறு எம்மாநிலத்தையும் அது கட்டாயப்படுத்தவில்லை. தீர்ப்புக் கவிழுமாயின் தடை வாசகத்தை ஏட்டில் வைத்திருக்கும் மாநிலங்கள் அதனைத் தூசி தட்டி எடுக்கும். வெர்மொண்டோ தன் சட்டசபையின் வாக்கினால் எழுதிய சட்டத்தின் மீது நிற்கும்.

வெர்மொண்ட் இவ்வழியில் வைத்த முதலடி, இத்தகையோரைக் குற்றவாளியாக்கிய பழைய சட்டத்தை 1977இல் நீக்கியமையாகும். நாமோ அவ்வடியின் முன்னே நிற்கின்றோம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு வெள்ளையர் எழுதி வைத்தது. 1995இல் நம் பாராளுமன்றம் அதனைத் திருத்தியபோது ஆண்களோடு பெண்களையும் அதற்குட் சேர்த்துக்கொண்டது. அப்பிரிவின் கொடுமையை நீக்கவந்த தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று நம் உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்ப்புரைத்தது. சட்டத்தின் தடை நீங்கிய பின்னரும் மசோதா வாக்கெடுப்பைக் காணாமலே, 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தது. அத்தகைய மசோதா மீண்டும் வருமாயின் எப்பக்கம் கையுயர்த்துவர் என்பதை, சிறுபான்மையோர் உரிமையின் பெயரால் நம்மிடம் வாக்குக் கேட்டுச் சென்ற தமிழ்ப் பிரதிநிதிகள் ஒவ்வொருவரும் தத்தம் தொகுதி மக்களுக்கு வெளிப்படையாகக் கூறவேண்டும் எனக் கோருகின்றோம்.